கட்டைகள் சொன்ன முதல் பதில்

அன்புள்ள மகள் யீ-ஜுவானுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்குக் குறையில்லை, டொராண்டோ குளிரில் நீயும் அப்படியே இருக்க கடல் காக்கும் மாஸு தாயை வேண்டிக்கொள்கிறேன். நீ மூன்று முறை கேட்டும் பேச்சை மாற்றிவிட்டேன், போனில் சொல்லும் சங்கதி இல்லை இது. புயலன்று கடல் மதகைச் சாத்தாமல் விட்டது மதகுக்காவலர் கோக்-ஹாய் என்று செய்தியில் படித்திருப்பாய். அது பொய். பொறுங்கள், பல்லக்கு திரும்பட்டும் என்று அவரிடம் சொன்னது ஊர்த் தலைவியான நான். அன்று தாயின் ஊர்வலம், மதகு இறங்கினால் பாதை அடைபட்டுவிடும் என்பது உனக்குத் தெரியும். காலையில் கோவிலில் பிறைக்கட்டைகளைப் போட்டு ஊர்வலம் போகலாமா என்று தாயிடம் கேட்டேன். இரண்டும் கவிழ்ந்து விழுந்தன, வேண்டாம் என்கிறாள். சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுகிறோம், இப்போது போகலாமா என்று கேள்வியை மாற்றிப் போட்டேன், மறுபடியும் கவிழ்ந்தன. மூன்றாம் முறை ஒன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்தது, சரி என்கிறாள். வெளியே வந்து அதை மட்டும் சொன்னேன். தேர்தலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது, ஊர்வலத்தை நிறுத்தியவள் என்ற பெயர் எனக்கு வேண்டாமென்று இருந்தது, வேறு காரணமே இல்லை.

கீழத்தெருவுக்குப் பல்லக்கு கட்டாயம் வரும் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னதும் நான்தான். சிப்பி ஆம்லெட் கடை சியோக்-கிம், உனக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் கூடக் கொஞ்சம் குழம்பு ஊற்றித் தருவாளே, அவள் வாசலில் படையல் மேஜை போட்டுக் காத்திருந்தாள். பக்கத்து வீட்டார் கிளம்பும்போது அவளையும் கூப்பிட்டார்களாம், தாய் வர்ற நேரத்துல வாசல்ல ஆள் இல்லாம இருக்கலாமா என்று கேட்டாளாம். தாய்க்கு முன்னால் கடல் வந்துவிட்டது. என் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு சாவை நான் சுமக்க வேண்டும், சுமப்பேன்.

விசாரணை தொடங்கியதும் கோக்-ஹாயை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் வாயைத் திறக்கவே இல்லை, பதினெட்டு வருடம் என் கீழே வேலை பார்த்த மரியாதை அது. எதிர்க்கட்சிக்காரர்கள் விடவில்லை, காத்திருக்கச் சொன்னது நான் இல்லை என்று தாயின் முன்னால் சேவல் தலையை வெட்டிச் சத்தியம் செய்ய வேண்டும் என்று நாள் குறித்தார்கள். என் செயலர் செங்குக்கு அதில் சந்தோஷம்தான். "எழுத்துல எதுவும் இல்ல அக்கா. வெட்டிட்டு வந்துடுங்க, ஜெயிச்சுடலாம்" என்றான். அப்பா வலையைப் பிரித்துக்கொண்டே, அந்தச் சேவல் என்ன பாவம் பண்ணுச்சு என்று மட்டும் கேட்டார். அவரை உனக்குத் தெரியுமே, அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

போனேன். கோவில் முற்றத்தில் ஊரே கூடியிருந்தது, கோக்-ஹாய் தூண் ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றார். கத்தியைக் கையில் கொடுத்தார்கள், சேவலைப் பலகையில் அமுக்கிப் பிடித்தார்கள். சந்நிதியைப் பார்த்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். "காத்திருக்கச் சொன்னது நான்தான். தாய் ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல" என்றேன். கோக்-ஹாய் என் பக்கம் பார்க்காமலே வெளியே போனார். கட்சி வேட்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டது, திங்கட்கிழமை அரசு வழக்கறிஞர் முன்னால் எழுதிக் கொடுக்கப் போகிறேன். சேவல் நம் கொல்லையில் மேய்கிறது, அப்பாவைக் கண்டால் கொத்த வருகிறது.

தெய்வத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. அவள் சரியாகத்தான் சொன்னாள். உத்தரவு போடுவது என் வேலை, அந்த வேலையைச் செய்யப் பயந்து அதை அவள் தலையில் வைத்தேன். இத்தனை வருடம் ரோடு போட்டேன், விளக்குப் போட்டேன், நல்லவள் என்ற பெயரும் வாங்கினேன், அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன் என்று நினைக்கையில் வெட்கமாக இருக்கிறது. உன் அலுவலகத்தில் நீயும் பத்துப் பேருக்கு மேலே இருக்கிறாய், பிடிக்காத பதில் வந்தால் கேள்வியை மாற்றாதே.

பதறிக்கொண்டு விமானம் ஏறாதே, வேளைக்குச் சாப்பிடு, தாய் உன்னைக் காப்பாள். புத்தாண்டுக்கு வரும்போது மட்டும் நம் வீட்டுக்கு வருமுன் கீழத்தெருவுக்குப் போய் சியோக்-கிம் படத்துக்கு ஊதுபத்தி ஏற்று, மறந்துவிடாதே. அந்த மேஜை இன்னும் வாசலில்தான் இருக்கிறது. பல்லக்கு வரும் என்று சொன்னார்களே, வரட்டும் அப்புறம் எடுக்கிறேன் என்கிறாளாம் அவள் மகள்.

உன் அம்மா,
ஹுவெய்-ச்சின்