கழுவி வந்த பாக்கெட்டும் எரியோட்டு வெள்ளரியும்

மார்ச் 3, 2008. திங்கள்.

எட்டு மணிக்கே சுவர் சுடுகிறது. மதியம் குழாயில் தண்ணீர். போன தடவை வந்தது எப்போது என்றே மறந்துவிட்டது. டிரம் இரண்டு, குடங்கள், அண்டா, குக்கர், எல்லாம் நிரப்பியாயிற்று. இடுப்பு போயிற்று.

நேற்றுதான் வீட்டுக்காரரை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தேன். இரண்டாவது தடவை மருந்து ஏற்றியாயிற்று. ரத்தத்தில் புற்றுநோய் என்று எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன். மருந்து நோயை மட்டும் பார்த்துக் கொல்லாதாம். கிருமியைத் தடுக்கிற வெள்ளணுக்களையும் சேர்த்துக் கொன்றுவிடுமாம். அவை திரும்பி வரும்வரைக்கும் சாதாரணக் கிருமிகூட ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொன்னார்.

சொன்னவை:
- பச்சையாக எதுவும் கூடாது. சட்னியில் பச்சைக் கொத்தமல்லிகூட.
- எல்லாம் நன்றாக வெந்து, சூடாக.
- தண்ணீர் கொதிக்கவைத்தது மட்டும்.
- காய்ச்சல் 100.4 தொட்டால் உடனே கிளம்பி வர வேண்டும்.

மதியச் சோற்றுக்குப் பீர்க்கங்காய்க் கூட்டு. குழைந்து சகதி. இரண்டு வாய் சாப்பிட்டார். "ஒரே ஒரு வெள்ளரிப்பிஞ்சு இருந்தா இந்தச் சோத்தை அடிச்சு முடிச்சிருவேன் ராணி" என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மார்ச் 5, புதன்.

பள்ளிக்கு அரை நாள் லீவு. ஐந்தாம் வகுப்புப் பரீட்சைத்தாள் திருத்த மிச்சம். திருத்தவில்லை.

இந்த மனிதர் நோய் வருவதற்கு முன்பு எப்படிச் சாப்பிட்டார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உரக்கடை வைத்திருப்பவர். எந்தக் காய்க்கு எந்த மருந்து, எத்தனை தரம் அடிக்கிறார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. வாடிக்கைக்காரர்களுக்கு டப்பா டப்பாவாக விற்றுவிட்டு, வீட்டில் காலிஃப்ளவரைத் தொடமாட்டார். கத்தரிக்காயை என்னிடமிருந்து வாங்கி முகர்ந்து பார்ப்பார். ஆனால் எரியோட்டில் இவருடைய அண்ணன் தோட்டத்துக்குப் போனால் வேறு ஆள். வெண்டைக்காயைச் செடியிலிருந்து ஒடித்து அப்படியே வாயில். வேட்டியில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் கழுவல். வெள்ளரியும் அப்படித்தான். நறுக் நறுக்கென்று தின்றுகொண்டே வரப்பில் நடப்பார்.

இப்போது அந்த ஆளுக்கு நான் முட்டைக்கோஸைக் களியாகக் கிண்டிக் கொடுக்கிறேன்.

கீரை அலசப் பயம். மூன்று தண்ணீர் மாற்றினாலும் அடியில் மண். இந்த ஊரில் ஒரு கட்டுக் கீரைக்கு ஒரு வாளி தண்ணீர் கொடுக்க வேண்டுமானால் கறிவேப்பிலைச் செடிக்கு அந்தத் தண்ணீரையே ஊற்றி மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். ஊற்றினேன்.

வெப்பம் பார்த்தேன். 98.4. மாதாவே.

மார்ச் 8, சனி.

மகள் ஷீலா கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் போட்டு, அதற்குள் ஒரு பாக்கெட். அவள் வேலை செய்கிற ஆபீஸ் பக்கம் பெரிய கடை திறந்திருக்கிறார்களாம். அங்கே கண்ணாடி அலமாரிக்குள் குளிரில் அடுக்கி வைத்திருப்பார்களாம்.

நான் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததே இல்லை. உள்ளே காற்று அடைத்து உப்பலாக இருந்தது. ஊதா முட்டைக்கோஸ் நூல் நூலாக. கேரட்டும் நூல். பெயர் தெரியாத பச்சை இலை, ஓரமெல்லாம் சுருள் சுருளாக. வெள்ளரி வட்டங்கள், எல்லாம் ஒரே கனம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டு மண் இல்லை. ஒரு பூச்சிக்கடி இல்லை. கழுவியாயிற்று, அப்படியே சாப்பிடலாம் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

அப்படியே சாப்பிடலாமாம்! ஒரு சொட்டு என் வீட்டுத் தண்ணீர் செலவில்லை. எந்த ஊர்த் தண்ணீரில் எத்தனை தரம் அலசியிருப்பார்கள்? அந்தத் தண்ணீர் முழுவதும் எங்கே போயிற்று? திண்டுக்கல்லில் குடத்துக்குக் குடம் எண்ணிச் செலவழிக்கிற எனக்கு, ஒரு நதியையே மடித்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. மேஜைமேல் வைத்துவிட்டுப் பைத்தியம் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கையே படாதும்மா. எல்லாம் மெஷின். அப்பாவுக்கு இதைவிட சேஃப் வேற எது?" என்றாள் ஷீலா.

அவர் கட்டிலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு மதுரைக்கு போன் போட்டேன். நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்குப் பரவாயில்லை, இவருக்கு இப்போது பாக்கெட்டில் வந்தாலும் பச்சை பச்சைதான்.

ஷீலா முகம் சுருங்கிவிட்டது. பாவம், ஐஸ் உருகிவிடக்கூடாது என்று பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தூக்கிப் போட மனசு வரவில்லை. நாங்கள் சாப்பிடலாம் என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு.

எழுதக்கூடப் பிடிக்கவில்லை. அவ்வளவு கோபம்.

காலையில் நானும் ஷீலாவும் பூசைக்குப் போயிருந்தோம். அந்த நேரத்தில் லூர்து மதினி எரியோட்டிலிருந்து வந்திருக்கிறார். இவருடைய அக்கா. தாயில்லாமல் போனபின் இவரை வளர்த்து ஆளாக்கியவர். தம்பி என்றால் உயிர்.

தம்பி சும்மா இருந்தாரா? "ஃப்ரிட்ஜுல பச்சைக்காய் இருக்குக்கா" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னதைப் பற்றி மூச்சு விடவில்லை. மதினி பாக்கெட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். அடைத்து வந்ததை அப்படியே கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பிரித்து, டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு, மஞ்சளும் உப்பும் போட்டுக் கையாலேயே நன்றாக அலசியிருக்கிறார். அதோடு விட்டாரா? பீடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தீர்த்தப் பாட்டில், போன வருஷத் திருவிழாவில் மந்திரித்துக் கொண்டுவந்தது, அதைத் திறந்து மேலே தெளித்து, பரலோக மந்திர ஜெபமும் சொல்லி, சாப்பிடக் கொடுத்திருக்கிறார்.

நான் வந்தபோது கிண்ணம் காலி. அவர் உதட்டோரத்தில் ஒரு ஊதா நூல்.

"பாக்கெட்டுல அடைச்சு வந்ததை நம்பி எப்படித்தா என் தம்பிக்குக் குடுக்க? அதான் நல்லாக் கழுவித் தீர்த்தம் தெளிச்சுக் குடுத்தேன்" என்றார் மதினி.

"கழுவி வந்ததை நம்ம டிரம் தண்ணியில மறுபடி கழுவுனாத்தான் அத்தே கெடும்" என்று கத்திவிட்டு ஷீலா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மதினிக்கு அப்போதும் புரியவில்லை. நான் டாக்டர் சொன்னதை முழுவதும் சொன்னேன். கத்தாமல்தான் சொன்னேன், அதுதான் அவரை அதிகம் தாக்கியிருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

மதுரைக்கு போன். காய்ச்சல் வருகிறதா பார், வந்தால் உடனே வா என்றார்கள்.

மார்ச் 10, திங்கள்.

லீவு. 98.6. மதியம் 98.8. மாலை 99. தெர்மாமீட்டரை உதறி உதறி மணிக்கட்டு வலி.

மதினி ஊருக்குப் போகமாட்டேன் என்கிறார். ஜெபமாலையும் கையுமாக ஹாலில். சாப்பிடவில்லை. காபி மட்டும் பக்கத்தில் வைத்தேன், ஆறிப்போயிற்று.

இந்த மனிதருக்கு வெட்கமே இல்லை. "என்னமோ போ, நல்லா இருந்துச்சு ராணி. வாயில சத்தம் கேட்டுச்சு" என்கிறார். உயிரைப் பணயம் வைத்த மனுஷனுக்கு வாயில் சத்தம் கேட்டதாம். நாலு வார்த்தை நன்றாகக் கொடுத்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல நாளாயிற்று என்பது அப்புறம்தான் உறைத்தது.

மார்ச் 11, செவ்வாய்.

காலை 101. நடுக்கம். வாடகைக் கார். ஷீலா என்னோடு. மதினி வாசலிலேயே நின்றார். கார் திரும்பும்போதும் நின்றார்.

மார்ச் 13, வியாழன். மதுரை.

இரண்டு கையிலும் ஊசி. மருந்து சொட்டுச் சொட்டாக. காய்ச்சல் இறங்குகிறது, ஏறுகிறது. பேசவில்லை, கண் மட்டும் திறந்து மூடுகிறார். ஏசுவே, இவரை விட்டுவிடு.

டாக்டரம்மாவிடம் கேட்டேன், அந்தக் காய்தான் காரணமா என்று.

"எதனாலன்னு சொல்ல முடியாதும்மா. அதுவாவும் இருக்கலாம். இவர் குடல்ல எப்பவும் இருக்கற கிருமியாவும் இருக்கலாம். எல்லார் குடல்லயும் இருக்கறதுதான். தடுக்க ஆள் இருக்கறப்ப அது ஒண்ணும் பண்ணாது."

எல்லார் குடலிலும். எனக்குள்ளும். இந்த வராந்தாவில் படுத்திருக்கிற எல்லாருக்குள்ளும். கல்யாணமான நாளிலிருந்து நான் ஆக்கிப்போட்டு அவர் சாப்பிட்டு, வரப்பில் வெள்ளரியைத் துடைத்துத் தின்று, மழையில் நனைந்து, அத்தனை நாளும் உள்ளே யாரோ கண் மூடாமல் காவல் இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் கூடச் சம்பளம் கேட்கவில்லை. நாங்கள் நன்றிகூடச் சொன்னதில்லை. நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்கிறது. வேதபாடம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இது தெரியாமல் போயிற்றே.

மாலை, வீட்டிலிருந்து மதினி போன். நலம் விசாரித்தார். பிறகு, "ராணி, தீர்த்தந்தானா?"

ஆமாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அதோடு முடிந்திருப்பார்.

"டாக்டருக்கே தெரியலையாம் மதினி" என்றேன். நிஜமும் அதுதானே.

மறுமுனையில் அழுகை. முதலில் சாப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 16, குருத்து ஞாயிறு. மதுரை.

காய்ச்சல் இல்லை! நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

ரத்தப் பரிசோதனை வந்தது. வெள்ளணுக்கள் ஏற ஆரம்பித்துவிட்டன. எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். எலும்புக்குள்ளேயிருந்து என்றார் நர்ஸ், இட்லி வெந்துவிட்டது என்கிற மாதிரி சாதாரணமாக. எனக்கு இவர் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தொட்டேன். முழங்கால் எலும்பு, கெட்டியாக, எப்போதும்போல. அதற்குள் இவ்வளவு நடக்கிறது. "என்னடி தடவுற?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஷீலா கோவிலுக்குப் போய் எனக்கும் ஒரு குருத்தோலை வாங்கிவந்தாள்.

மார்ச் 19, புதன். திண்டுக்கல்.

வீட்டுக்கு வந்தாயிற்று.

வாசலில் ப்ளீச்சிங் பவுடர் வாசனை. டிரம் இரண்டையும் மதினி கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்து, தண்ணீர் வந்த அன்று புதிதாகப் பிடித்து வைத்திருக்கிறார். அடுப்படி மேடை பளபளக்கிறது. பீடத்தில் தீர்த்தப் பாட்டில் இல்லை. கண்ட இடத்தில் கொட்டக்கூடாது என்று யாரும் மிதிக்காத மூலையில் மல்லிகைச் செடி வேரில் ஊற்றிவிட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா புதிதாகச் சொல்லி அனுப்பியது: அடுத்த மருந்து ஏற்றும்வரைக்கும், அணுக்கள் நன்றாக இருக்கிற இந்த நாட்களில், தோல் சீவக்கூடிய காய் ஒன்றிரண்டு பச்சையாகக் கொடுக்கலாம். வீட்டிலேயே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயைக் கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, தோலைக் கனமாகச் சீவி, நறுக்கின உடனே. பாக்கெட் வேண்டாம். நறுக்கி வைத்ததும் வேண்டாம்.

மதினியிடமும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாலை பஸ்ஸுக்கு எரியோட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 23, உயிர்ப்பு ஞாயிறு.

மழை. பங்குனியில் இப்படி ஒரு மழையா! தெருவில் ஆறு ஓடுகிறது. ஜனங்கள் வாளி, சட்டி, குழந்தை குளிப்பாட்டுகிற டப்பு எல்லாவற்றையும் வெளியே வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும்.

பூசை முடிந்து வந்து மட்டன் குழம்பு. ஷீலா முந்தாநாளே வந்துவிட்டாள். இந்த முறை வெறுங்கை, "எதையும் வாங்கலம்மா, பயமா இருந்துச்சு" என்றாள். பயப்படாதே, பாக்கெட் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறேன். ஆபீசிலிருந்து களைத்து வருகிற பிள்ளைக்கு அது வரம். அதைக் கண்ட ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு மதினி, தொப்பலாக நனைந்து. மடியில் துணிப்பை. உள்ளே அண்ணன் தோட்டத்து வெள்ளரிப்பிஞ்சுகள். பையை அடுப்படி வாசலிலேயே வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

"நீயே கழுவி நீயே நறுக்கு ராணி. நான் தொடலை."

தாய் மாதிரி வளர்த்தவர், என் அடுப்படி வாசலில் அந்நியர் மாதிரி நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டேன். கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். சோப்பைக் கையில் கொடுத்தேன். அவர் விரல் விரலாக, நகக்கண் வரைக்கும் தேய்த்தார், நான் ஆறவைத்த தண்ணீரை மொண்டு ஊற்றினேன். பிஞ்சுகளையும் அந்தத் தண்ணீரிலேயே கழுவினார்.

"கத்தியையும் கொதிதண்ணியில போட்டு எடுத்துட்டேன். பிடிங்க மதினி."

சீவினார். தோலைப் பாதிக் காயோடு சீவுகிறார், அவ்வளவு பயம். வட்டம் வட்டமாக நறுக்கினார், ஒன்று கனம், ஒன்று மெலிசு. தட்டை அவரே கொண்டுபோய்த் தம்பி முன்னால் வைத்தார்.

மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவர் எங்களைப் பார்த்தார், வெள்ளரியைப் பார்த்தார், ஒரு வட்டத்தை எடுத்துக் கடித்தார்.

நறுக்.

வெளியே அவ்வளவு மழை. அந்தச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.