மலை கொடுத்த கால்

அடி அண்ணாமலை,
12.6.2025

மாறனுக்கு,

தனம் எழுதுகிறேன். உன் அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதில்லை. போன் செய்யலாம்தான். ஆனால் உன் குரல் அவர் குரல் மாதிரியே இருக்கும், எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

என் பெண் சிந்துஜாவின் கல்லூரியில் பிள்ளைகளுக்கெல்லாம் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். இவளுக்குக் கொலஸ்ட்ரால் கண்டபடி ஏறிக் கிடக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண், எண்ணெய்ப் பலகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பயந்துபோய் டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்தவர், "செருப்பைக் கழட்டும்மா" என்று சொல்லி, குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பை விரலால் நெருடிப் பார்த்தார். "இங்க தடிச்சிருக்கே, உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் இருக்குதுங்க. வெறுங்காலோட மலை சுத்திச் சுத்தி வந்தது. மலை குடுத்த கால்னு எங்க மாமனார் பெருமையா சொல்வாரு" என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இந்தப் பொண்ணு எத்தினி வாட்டி சுத்தியிருக்கு?" என்று கேட்டார். ஒரு வாட்டியும் இல்லை. பௌர்ணமி என்றால் கடையில் சுக்குக் காபி விற்கவே ஆள் போதாது, இவளை எங்கே அனுப்பினோம்?

அது கொழுப்பாம் மாறா. பிறவியிலேயே இரத்தத்தில் கொழுப்பு மிகுந்த குடும்பமாம் நம்முடையது. காலில் படிகிற மாதிரியே நெஞ்சுக்குப் போகிற இரத்தக் குழாயிலும் படியுமாம். உன் அப்பா நாற்பத்தெட்டு வயதில் கிரிவலப் பாதையில் விழுந்தார். அண்ணாமலையாரே அழைத்துக்கொண்டார் என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. உன் அண்ணன் நாற்பத்தைந்தில் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கும்போது விழுந்தார். உனக்கு இப்போது நாற்பத்தொன்று. உன் காலும் அப்படித்தான், நான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு சிகரெட் வேறு.

உடனே போய்ப் பரிசோதித்துக்கொள். உனக்கு இருந்தால் உன் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரை இருக்கிறது.

இப்படிக்கு,
தனம்

ஓசூர்,
27.6.2025

அண்ணி அவர்களுக்கு,

மாறன் எழுதிக்கொள்வது. சிந்துஜா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா? அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து வீட்டில் அருணாதேவி பரிசோதனைக்குப் போகச் சொல்லி என்னை நச்சரிக்கிறாள். நான் போவதாக இல்லை. நிலத்தில் என் பாகத்தைப் பிரித்துக் கொடு என்று அண்ணனிடம் நான் கத்திய மறுநாள் அவர் போனார். அவரைக் கிடத்தி வைத்திருந்தபோது ஊர் முன்னால் நீங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "நீ பேசின பேச்சுதான்டா அவரைக் கொன்னுச்சு. சுடுகாட்டுப் பக்கம் வந்துடாத." ஆண் பிள்ளை இல்லாத அண்ணனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நான். பங்காளி முருகவேல் வைத்தான். நான் ரோட்டோரம் நின்று புகையைப் பார்த்தேன்.

நீங்கள் சொன்னதை அப்படியே நம்பித்தான் இத்தனை நாள் இருக்கிறேன். இப்போது கொழுப்பு என்கிறீர்கள். அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்தால் வரட்டும் அண்ணி. அதுதான் நியாயம்.

மாறன்

அடி அண்ணாமலை,
6.7.2025

அன்புள்ள தம்பி மாறனுக்கு,

உன் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடமே போனேன். அண்ணன் தம்பி சண்டையில் ஒரு ஆள் சாவாரா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அடைப்பு இருக்கிற நெஞ்சுக்குக் கோவம் கெடுதல்தாம்மா, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அடைப்பு ஒரே நாள்ல வரல. சின்ன வயசுலேர்ந்து சேர்ந்துனு இருந்தது. அந்தச் சண்டை வராட்டி, மூட்டை தூக்கும்போதோ பஸ் பின்னால ஓடும்போதோ வந்திருக்கும்."

அவர் சொன்னதில் உனக்காக நான் ஒன்றும் கூட்டவில்லை, எனக்காக ஒன்றும் குறைக்கவில்லை. கடைசி மாதங்களில் மூட்டை தூக்கினால் உன் அண்ணனுக்கு நெஞ்சை அடைக்கும். வாயு என்பார், நானும் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுப்பேன். உன் பேச்சு அவரைக் கொன்றது என்றால் என் ஓமத் தண்ணீரும்தான் கொன்றது. அன்றைக்கு யாரையாவது கைகாட்டினால்தான் எனக்கு அழ முடியும் போலிருந்தது. நீ எதிரே நின்றாய்.

நீ சாவதில் என்ன நியாயம்? அருணாதேவியும் என்னைப் போல உட்கார வேண்டுமா? அவள் யாரைக் கைகாட்டுவாள், உன் பிள்ளையையா?

ஆவணியில் உன் அண்ணன் திதி. நீதான் வந்து செய்ய வேண்டும். வரும்போது ரிப்போர்ட்டோடு வா. இல்லாவிட்டால் இந்த வீட்டில் உனக்குச் சோறு கிடையாது.

உன் அண்ணி,
தனம்

ஓசூர்,
10.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பார்த்துவிட்டேன். எனக்கும் அதேதான். வயது, பிரஷர், சர்க்கரை எல்லாம் வைத்து நெஞ்சுவலி வருமா என்று கணக்குப் போடுகிற அட்டவணை ஒன்று டாக்டரின் மேஜையில் இருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, "உங்க குடும்பத்துக்கு இது வேலைக்கு ஆகாதுங்க, நீங்க ஏற்கெனவே ஆபத்துலதான் இருக்கீங்க" என்றார். ஒரு குழாயில் பாதி அடைப்பு. இப்போதைக்கு மாத்திரையே போதும், ஆனால் ஆயுசுக்கும் விடக்கூடாது என்கிறார். சிகரெட்டை விட்டுவிட்டேன். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன், அருணாதேவி பொறுத்துக்கொள்கிறாள்.

சின்ன வயதில் நானும் அண்ணனும் காலை நீட்டி வைத்து அளந்து பார்ப்போம். அவருக்குத் தடித்துவிட்டது, எனக்கு வரவில்லையே என்று அழுவேன். "உனக்கும் வரும்டா, இன்னும் நல்லா சுத்து" என்பார். எனக்கு வந்தபோது அப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

பிள்ளை மணிக்கும் இரத்தம் எடுத்தோம் அண்ணி. ஒன்பது வயது. அவனுக்கும் இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதேன். அண்ணனுக்காகவும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். பத்து வயது முடிந்ததும் அவனுக்கு மாத்திரை ஆரம்பிக்கிறார்கள். இப்போதே தெரிந்தது நல்லதாகப் போயிற்று, எல்லோரையும் போல நீண்ட நாள் இருப்பான் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது.

திதிக்கு மூன்று பேரும் வருகிறோம். ரிப்போர்ட்டோடுதான் வருவேன், சோறு போடுங்கள்.

இன்று காலையில் குளித்துவிட்டு வந்த மணிக்குத் துவட்டிவிடும்போது அவன் குதிகால் நரம்பைத் தொட்டுப் பார்த்தேன். "என்னாப்பா பாக்குற?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். மெல்லிசாக இருக்கிறது அண்ணி. அது அப்படியே இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
மாறன்