இவளைப் பார்த்தீர்களா?

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் உன் பிஸ்கட் தொழிற்சாலையும் நலமா? போன கடிதத்துக்குப் பதில்தான் இல்லை, ஒரு பொட்டலம் உடைந்த பிஸ்கட்டாவது அனுப்பியிருக்கலாம்.

திரைச்சீலைக் கடையில் என் வேலை மாறிவிட்டது. இப்போது துணி மடிப்பதில்லை. விளம்பர வாசகம் எழுதுகிறேன். பெரிய கிரிக்கெட் பந்தயத்தில் நம் அணி தோற்ற மறுநாள் முதலாளி எல்லோரையும் கூட்டி, "ஊர் வாயில எது ஓடுதோ அதுல நம்ம கடையை ஒட்டிடணும். அதுதான் வியாபாரப் பாடம். எதையாவது சொல்லுங்க" என்றார். நான் ஒரு துண்டுச் சீட்டில், 'முகத்தை மூடிக்கொள்ள நல்ல திரை எங்களிடம் உண்டு' என்று எழுதி மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டேன். அது ஊரெல்லாம் பரவியது. "எட்டாவதோட நின்ன பிள்ளைக்கு மூளையைப் பாரு" என்று முதலாளி சொன்னாராம். "வாயில இல்லாததெல்லாம் அதுக்குக் கையில இருக்கு" என்றாராம் தையற்காரர்.

அறை பார்த்துவிட்டாயா? இரண்டு பேருக்கு இடம் கிடைத்ததும் என்னை அழைத்துக்கொள்வதாகச் சொன்னாய். பெட்டியைக் கட்டியே வைத்திருக்கிறேன்.

உன்,
நத்தை

ஜூன் 12

என் நத்தைக்கு,

அறை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதி வந்துவிடு. கட்டில் ஒன்றுதான், இடித்துக்கொண்டு படுக்கலாம். தெருவைப் பார்த்து உயரமான ஜன்னல் இருக்கிறது.

நேற்று உன்னை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். வீட்டுக்கு யாராவது வந்தால் திரைக்குப் பின்னால் போய் நிற்பாய். கால்விரல்கள் மட்டும் வெளியே தெரியும். வந்தவர்கள் போனதும், இனி வெளியே வரலாம் என்று நான் அவற்றை மிதித்துச் சொல்வேன். என்னிடமும் முதுகைக் காட்டிக்கொண்டுதானே பேசுவாய்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. இங்கே வந்ததும் கொஞ்சம் பேசப் பழகு. நாள் முழுக்க இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டுவிட்டு வந்து, ராத்திரி சுவரோடு பேச என்னால் முடியவில்லை.

அன்புடன்,
அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமில்லை. பழகுகிறேன்.

தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி காணாமல் போன நாளிலிருந்து ஊரில் வேறு பேச்சில்லை. முதலாளி விடுவாரா? 'இவளைப் பார்த்தீர்களா?' என்று ஒரு சுவரொட்டி போடலாம் என்றார். வாசகம் நான் எழுதியது. படமும் நான்தான். முகம் காட்ட மாட்டேன் என்றதால் என்னைத் திருப்பி நிற்க வைத்து எடுத்தார்கள். என் ஒற்றைப் பின்னல், நீலத் துப்பட்டா, நீளப் பாவாடை. கால் இருந்த இடத்தை வெட்டிவிட்டுத் தொலைபேசி எண்ணைப் போட்டார்கள். கண்டுபிடித்துத் தருபவருக்கு ஒரு ஜன்னல் திரை இலவசம்.

அந்த எண்ணில் பேசினால் குரல் பதிவாகும். அதைக் கேட்டு எழுதிவைப்பதும் என் வேலைதான். பதில் பேச வேண்டியதில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன். முதல் நாளே இருநூறு பேர். ஒருவர், "எங்க வீட்டுல இருக்கா, கூட்டிட்டுப் போங்க, சாப்பாடு கட்டுப்படியாகலை" என்றார். தையற்காரரும் நானும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

உன்,
நத்தை

ஜூலை 9

அக்கா,

தொடரில் கதாநாயகி திரும்பிவிட்டாள். சுவரொட்டிகளைக் கிழித்தாயிற்று. ஆனாலும் தினமும் ஒரு குரல் பதிவாகிறது. இவர்கள் விளையாட்டுக்குப் பேசுகிறவர்கள் இல்லை.

முதல் ஆள் சுவரொட்டிப் பெண்ணை எங்கள் ரயில் நிலையத்தில் பார்த்திருக்கிறார். அடுத்தவர் ஆற்றுப் பாலத்தில். அப்புறம் ஒரு லாரி ஓட்டுநர். இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். எல்லாம் உன் ஊருக்குப் போகும் சாலையில் இருக்கின்றன. எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். அவள் முகத்தைத் திருப்பவே இல்லை, ஆனால் வாய் ஓயாமல் இனிமையாகப் பேசினாள்.

நேற்றுப் பேசியது ஒரு தேநீர்க் கடைக்கார அம்மா. "பிஸ்கட் கம்பெனி வாசல்ல நிக்கறா. முதுகைக் காட்டிக்கிட்டு அக்கா அக்கான்னு கதை சொல்றா. கேக்கவே நல்லா இருக்கு."

முதலாளியிடம் நோட்டைக் காட்டினேன். "பொருளை மறந்தாலும் விளம்பரம் நிக்கணும். நின்னுடுச்சு பாத்தியா. நீ எதுக்குப் பயப்படறே?" என்கிறார்.

அக்கா, நான் எங்கும் போகவில்லை. கடையின் மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். யார் வந்தாலும் கதவைத் திறக்காதே.

நத்தை

ஜூலை 15

மதிப்பிற்குரிய திரைச்சீலைக் கடையாருக்கு,

என் தங்கை எட்டாம் தேதியே என்னிடம் வந்து சேர்ந்துவிட்டாள். அவள் பெயரில் உங்கள் கடையிலிருந்து ஒரு பெண் எனக்குக் கடிதம் எழுதுகிறாள். எங்கள் வீட்டுக் கதையெல்லாம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. விளம்பரத்துக்காக இருந்தாலும் இது சரியில்லை. நிறுத்தச் சொல்லுங்கள்.

தங்கை இன்னும் முகம் காட்டுவதில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம், ஜன்னலைப் பார்த்தபடியே நிற்கிறாள். அது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். ஆனால் எவ்வளவு பேசுகிறாள். வேலை விட்டு ஓடி வரத் தோன்றுகிறது எனக்கு.

அவளுக்கு வெளிச்சம் ஆகாது. கண்டுபிடித்தவருக்கு என்று சொன்ன பரிசுத் திரையை அனுப்பிவிடுங்கள். அகலம் நான்கு அடி. உயரம் தரைவரை, சரியாக ஏழு அடி.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா

ஜூலை 20

அக்கா,

கிளம்பி வந்துவிடலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம்வரை போனேன். கதவைத் தட்டினால் நீ திறப்பாய். உள்ளே அவள் பேசுவாள். நான் நிற்பேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். யாரை நீ நம்புவாய்? திரும்பி வந்துவிட்டேன்.

அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்திருக்கிறேன். நீ கேட்ட இந்தப் பரிசுத் திரையை வெட்டியதும் தைத்ததும் நானே. வேண்டுமென்றே இரண்டு விரற்கடை குட்டையாகத் தைத்தேன். மாட்டு. அவள் அதன் பின்னால் போய் நிற்கட்டும். அப்புறம் கீழே பார்.

விரல்கள் தெரிந்தால் மிதித்துவிடு. நான் இனி எழுதமாட்டேன். தெரியாவிட்டால் சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்து. அந்தப் படத்தில் கால் இல்லை, அக்கா.

நத்தை

ஆகஸ்ட் 1

கடைப் பெண்ணுக்கு,

திரை வந்து சேர்ந்தது. நல்ல துணி. அடியில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. நானே துண்டு சேர்த்துத் தைத்துவிட்டேன். இப்போது தரையைத் தொடுகிறது.

மடிப்புக்குள் இருந்த கடிதத்தை நான் படித்துக்கொண்டேன். அக்காவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நான் சொல்லும் கதைகளைக் கேட்கவே அவளுக்குப் பொழுது போதவில்லை.

கட்டி வைத்த பெட்டியை அவிழ்த்துவிடு. இங்கே இரண்டு பேருக்குத்தான் இடம்.

அன்புடன்,
நத்தை