கேட்காமல் விலக்கிய திரை

ஜூன் 3

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். நேற்று உங்களுக்கு முதல் மருந்து ஏற்ற வேண்டிய நாள். எங்கள் வார்டில் கட்டிலை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். "உங்க அண்ணிதானே, எங்கம்மா?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். எல்லார் முன்னாலும் முழித்தேன்.

மார்பை எடுத்தாயிற்று, அதோடு முடிந்தது என்று நினைப்பா? உடம்பில் புற்று மிச்சம் மீதி இருந்தால் அழிக்கத்தான் இந்த மருந்து. உங்கள் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு யாரைப் பழிவாங்குகிறீர்கள்? அண்ணன் தினமும் அந்த வாசல்வரை போய்விட்டுத் தொங்கிய முகத்தோடு திரும்புகிறார். வரும் திங்கட்கிழமைக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். வந்து சேருங்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூன் 7

நர்ஸம்மாவுக்கு,

வர மாட்டேன். நீ இருக்கிற வார்டுக்குள் இனி என் கால் படாது.

எதற்கு என்று தெரியாத மாதிரி எழுதியிருக்கிறாய். வீட்டுக்கு அனுப்பும் அன்று கட்டைப் பிரித்தாய். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தேன். குனிந்து பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், திரையை விலக்கி நீ உள்ளே விட்ட உன் அண்ணன் கட்டில் ஓரத்தில் நிற்கிறார். தையலுக்குப் பக்கத்தில் தொங்கும் குழாயைக் காட்டி, பாட்டிலில் சேரும் நீரை எப்படிக் கொட்டுவது என்று அவருக்குப் பாடம் நடத்துகிறாய். அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். என் உடம்பை நான் பார்ப்பதற்கு முன்னால் அவருக்குக் காட்டிவிட்டாய்.

அன்றைக்கே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். பாட்டிலை அவள் பார்த்துக்கொண்டாள். குழாயைப் பக்கத்து டாக்டர் எடுத்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் அறைக் கதவை நீ ஒருநாளாவது தட்டிவிட்டுத் திறந்ததுண்டா? என் பீரோவில் என்ன இருக்கிறது என்று என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். இப்போது இதுவும்.

அண்ணி

ஜூன் 11

அண்ணிக்கு,

படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பீரோவையும் புண்ணையும் ஒன்றாகச் சேர்த்துப் பேச உங்களால்தான் முடியும். வீட்டில் யார் கவனிக்கப் போகிறாரோ அவரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புவோம். எங்கள் வார்டில் அதுதான் வழக்கம், உங்களுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. குழாய் அடைத்து, சீழ் பிடித்துத் திரும்பி வருகிறவர்களைக் கழுவித் துடைப்பது நான்தான், உங்கள் அக்கா இல்லை.

மருந்தே வேண்டாமென்று போனவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் திரும்பி வந்தபோது எங்களால் வலிக்கு மட்டும்தான் ஏதாவது செய்ய முடிந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணி. என்னைத் திட்டுங்கள், ஆயுசுக்கும் என் முகத்தில் முழிக்காதீர்கள். ஆனால் எந்த ஆஸ்பத்திரியிலாவது போய் மருந்தை ஏற்றிக்கொண்டு திட்டுங்கள்.

நாத்தனார்

ஜூன் 20

நாத்தனாருக்கு,

வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் மருந்து ஏற்றிக்கொண்டேன். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. நீ சொன்னாய் என்று போகவில்லை. நான் செத்துப்போனால் "அப்பவே சொன்னேன்" என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாய், அந்தச் சந்தோஷத்தை உனக்குக் கொடுக்க மனசில்லை. அறுத்த பக்கத்துக் கையில் ஊசி போடக் கூடாது என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அது நீ சொல்லித் தந்தது. அதற்காக உருகிவிடுவேன் என்று நினைக்காதே.

உன் அண்ணனும் வந்திருந்தார். தையலில் ஓர் ஓரம் இன்னும் கசிகிறது. கட்டு மாற்ற வந்த நர்ஸ், என்னைத் தொடுவதற்கு முன்னால், "வெளிய உங்க வீட்டுக்காரர் நிக்கிறாரும்மா. உள்ள வரச் சொல்லவா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். சரிம்மா என்று திரையை இழுத்து மூடினாள். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. நான் அழுத அழுகையில் அவள் பயந்துபோய்விட்டாள்.

அன்றுதான் முதல் முறையாகக் குனிந்து பார்த்தேன். மறுநாள் அக்கா கடைக்குப் போயிருந்தபோது உன் அண்ணனை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நானே காட்டினேன். அவர் என்ன சொன்னார் என்று உனக்கு எழுத மாட்டேன். அவரிடமும் நீ கேட்கக் கூடாது.

அண்ணி