புது ஷாக் போட்ட வண்டி

3-7-2006, திங்கள்

சுப்ரியா மாதப் பரீட்சையில் முதல் ரேங்க். என் பேத்தி! நான் அஞ்சாவதோடு நின்றவள். அட்டையைத் தாத்தாவிடம் காட்டினாள். தலையைத் தடவினார், மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இடுப்பு எலும்பில் பிளேட் வைத்ததிலிருந்து இப்படித்தான். "வாராவாரம் ஓசூருக்குக் கூட்டிட்டு வாங்க, எக்சர்சைஸ் குடுத்து நடக்க வைக்கணும். விட்டுட்டீங்கன்னா கால் இறுகிடும், அப்பறம் படுக்கைதான்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள். ஒரு வாரம்கூடப் போகவில்லை. ஆபரேஷன் முடிந்து, தக்காளி ஏற்றும் எங்கள் பிக்கப் வண்டியில் கூட்டிவந்த அன்று, பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி தூக்கிப் போட்டது. இவர் கத்திய கத்தலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சத்தம் போட்டுப் பேசாத மனுஷன். அந்த அவமானம் வலியைவிடப் பெரிசு போல.

வாடகைக் கார் வைத்துப் பார்த்தோம். சீட்டு பள்ளத்தில் இருக்கிறது, இடுப்பை மடக்கி உட்கார முடியவில்லை. ஏறுவதற்கு பிக்கப் உயரம்தான் தோது. ஓட்டமோ தோதில்லை. என்ன செய்ய?

7-7-2006, வெள்ளி

ஹரீஷ் வண்டியை தீர்த்தகிரி பட்டறையில் விட்டிருக்கிறான். "குலுக்கலத் தாங்கற நாலு ஷாக்கும் எண்ணெய் கக்கிச் செத்துப்போச்சும்மா. மாத்திட்டா அப்பாவுக்குக் கார் மாதிரி போவும்" என்றான். பெற்றவனைப் பற்றி அவனுக்கும் கவலை இருக்கிறது, வாய்விட்டுச் சொல்ல மாட்டான்.

சோறு கொண்டுபோனபோது பார்த்தேன். பழைய ஷாக்கைக் கையால் அமுக்கினால் பொசுக்கென்று உள்ளே போகிறது. புதுசு முரண்டு பிடிக்கிறது. நம்ம ஆள் மாதிரியே.

8-7-2006, சனி

இவரை ஏற்றும் முன் நான் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லி ஏறினேன். ரயில்வே கேட் வரைக்கும் போனோம். அடேயப்பா! தலை கூரையில் இடிச்சுது. புது ஷாக்காம், கார் மாதிரியாம்! ஹரீஷ் மூஞ்சியப் பாக்க முடியல. "கொஞ்சம் பரவாயில்லடா"ன்னு பொய் சொன்னேன்.

9-7-2006, ஞாயிறு

தீர்த்தகிரி வீட்டுக்கே வந்து வண்டியடியில் படுத்துப் பார்த்தான். எழுந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"ஷாக்கு மேல தப்பில்ல பெரியம்மா. பட்டையப் பாருங்கோ."

சக்கரத்துக்குமேல் வண்டியைத் தாங்கும் இரும்பு வில்லுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. இந்தப் பக்கம் தக்காளி ஏற்றும் வண்டி எல்லாவற்றிலும் கூடுதலாகப் பட்டை போட்டுக்கொள்வார்கள், லோடு தாங்க. லோடு இருந்தால் பட்டை வளைந்து கொடுக்குமாம். காலியாக ஓடினால் கட்டை மாதிரி விறைத்து நிற்குமாம். எந்த ஷாக் போட்டும் பிரயோசனமில்லையாம்.

"போட்டவனே நான்தான். எனக்கே ஞாபகம் வரல பாருங்கோ."

"எடுத்துடுண்ணா" என்றான் ஹரீஷ்.

உள்ளேயிருந்து இவர் குரல். "பட்டையில கை வெச்சா பாத்துக்கோ! லோடு பாதியாக் கொறஞ்சா ஊட்டுல அடுப்பு எரியுமா? எனக்கோசரம் இன்னாத்துக்குடா பொழப்பக் கெடுத்துக்கற?"

ஆபரேஷனுக்குப் பிறகு இவர் இவ்வளவு பேசியது இன்றுதான். சிரிக்கிறதா அழுவுறதா நான்?

12-7-2006, புதன்

தக்காளி லோடோடு ஓசூர் மார்க்கெட் வரைக்கும் போய்வந்தேன். அதே ரோடு, அதே பள்ளம் — தூளி மாதிரி ஆடிக்கொண்டு போனது. தூங்கியே விட்டேன்! வரும்போது காலி வண்டி. பழையபடி அடி.

போக தக்காளி இருக்கிறது. வர என்னத்தை ஏற்றுவது?

13-7-2006, வியாழன்

யாரிடமும் ஒரு பிடி உப்பு கேட்டுப் போனவள் இல்லை நான். இன்று பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கும் சுடலைமுத்துவிடம் போய் நின்றேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஓசூரில் கம்பெனி வேலை. கம்பெனியிலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவர ஏதாவது கனமான சரக்கு கிடைக்குமா என்று கேட்டேன். கதையைச் சொல்லவேண்டியதாகிவிட்டது.

"சரக்கு எதுக்கு ஆச்சி? ஷிப்ட் முடிஞ்சு இந்த ரோட்டுக்காரனுவ அத்தன பேரும் பஸ்ல தொங்கிக்கிட்டுல்லா வாரோம். எங்கள ஏத்துங்க. எங்களவிட நல்ல மூட்ட எங்க கெடைக்கும்?"

16-7-2006, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

17-7-2006, திங்கள்

போனோம்.

விடியும்போது தக்காளிக் கூடை அடுக்கி, இவரை ஜன்னல் பக்கம் ஏற்றி, நான் நடுவில். கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டார். என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. கொஞ்ச தூரம் போய், "அந்தப் பெரிய பள்ளம் இன்னும் வரலயா?" என்றார்.

"தாண்டி எவ்ளோ நேரமாச்சு."

நம்பவில்லை. கண்ணைத் திறந்து கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

டாக்டரம்மா நன்றாகத் திட்டினாள். இவ்வளவு நாள் விட்டதற்கு வலி இருக்கும், ஆனால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்றாள். கம்பியைப் பிடித்து நிற்க வைத்தார்கள். நின்றார். வேர்த்து ஊற்றியது, நின்றார்.

திரும்பும்போது கம்பெனி வாசலில் சுடலைமுத்துவும் கூட்டாளிகளும் தடதடவென்று ஏறினார்கள். கூரையைத் தட்டி, "தாத்தா, மூட்ட ஏத்தியாச்சு, சரியான்னு பாத்துக்கிடுங்க!" என்றான்.

அவர்கள் முன்னால் கூச்சப்படுவார் என்று பயந்தேன். ஜன்னலில் தலையை நீட்டி, "எல்லாரும் பின்னால டோர் பக்கமே நின்னா எப்பிடிடா? முன்னால தள்ளி ஒக்காருங்க. லோடு ஏத்தத் தெரியாத பசங்க!" என்றார்.

ஹரீஷ் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். ரோடு சரியாகத் தெரியவில்லை எனக்கு.

24-7-2006, திங்கள்

இரண்டாவது தடவை. கையைக் கொடுத்தேன். பிடிக்கவில்லை, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நல்லதுதானே?

9-10-2006, திங்கள்

மார்க்கெட் லீவு, ஹரீஷ் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலி. கொல்லைப் பக்கம் ஓடினேன், இல்லை.

சுப்ரியாதான் சொன்னாள்: "தாத்தா டீக்கடையில இருக்காரு பாட்டி. தனியா நடந்து போனாரு. உங்ககிட்ட சொல்லாதேன்னாரு."

வரட்டும். வந்ததும் இருக்கு அவருக்கு.