பைல் ஏதும் வேணுமா

14 ஆகஸ்ட் 1998, வெள்ளி

பழைய கணினி இரண்டு வாரமாகத் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஓர் ஆங்கில வரி வந்து அப்படியே நின்றுவிடும். காலையில் டுரியான் துங்கால் டவுனில் இருக்கும் கணினிக் கடையில் கொடுத்தேன்.

"சிஸ்டம் போச்சுக்கா, பார்மட் பண்ணணும். உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும். உள்ள பைல் ஏதும் வேணுமா?" என்று கடைக்காரர் சேகர் கேட்டார்.

பைல் என்றதும் பள்ளிக்கூட வேலைக்காக நான் அதில் அடித்து வைத்திருந்த கடிதங்கள்தான் நினைவுக்கு வந்தன. "ஒண்ணும் வேணாம் தம்பி" என்றேன்.

மாலையில், "புதுசு மாதிரி ஆயிருச்சு லா" என்று சிரித்தபடி கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சுவிட்சைப் போட்டதும் எல்லாக் கணினியிலும் கேட்கும் இசை வந்தது. "அம்மா, வந்துட்டேன்" வரவில்லை. எங்கள் மகள் கவிதா இறப்பதற்கு முந்தைய வருடம், விளையாட்டாகத் தன் குரலைப் பதிந்து, கணினி திறக்கும்போதெல்லாம் கேட்கும்படி வைத்திருந்தாள். அவள் குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை. அதுவும் ஒரு பைல்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சத்தம் கேட்டு அவள் அப்பா வந்து கதவருகே நின்றார்.

"என்ன, புள்ள பேசலையா?"

"இன்னும் சரியா ரிப்பேர் ஆகலைங்க. திங்கட்கிழமை மறுபடி கொண்டுபோய்க் கொடுக்கணும்."

"அவசரப்படுத்தாத. மெதுவாப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.