இரண்டாம் தொட்டிச் சேறு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நானும் மகளும் நலம். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "சித்தப்பா" என்றால் பாதி காற்றுதான் வருகிறது. போன் இருக்கும்போது கடிதமா என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீயும் எங்கள் இருவரையும் போலக் கழிவுநீர் நிலையத்தில் வேலை பார்ப்பவன். உனக்குத்தான் இது புரியும்.

உன் அண்ணன் இரண்டாம் தொட்டியில் தவறி விழுந்து நாலு மாதம் ஆகிறது. காற்று ஊதி ஊதிக் குமிழியாக இருக்கும் தண்ணீர் ஆளைத் தாங்காது. அவருக்கு நீச்சல் தெரிந்தும் பிழைக்க முடியவில்லை. காற்று ஊதும் புளோயரை நிறுத்தி அவரை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பதினைந்து நாள் விடுப்பு முடிந்து நான் பழைய காலை ஷிப்டுக்கே போனேன். வேறு இடத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், நான்தான் மாட்டேன் என்றேன்.

தினமும் அந்தத் தொட்டியில் பெருகும் சேற்றில் ஒரு பங்கை வெளியேற்ற வால்வைத் திறப்பது என் வேலை. எங்கள் கெமிஸ்ட் பெண் ஒரு நாள் ஆறுதலாகப் பேசினாள். "இருபது நாள்ல அழுக்கத் தின்னுற இந்தச் சேத்துக் கிருமியெல்லாம் புதுசா மாறிடும்க்கா. அன்னைக்கு இருந்தது எதுவும் மிஞ்சாது. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் அன்று அவர் போன பதினெட்டாவது நாள். இன்னும் இரண்டே நாள்தான் மிச்சம். அவரைக் கடைசியாகத் தொட்டது அந்தச் சேறுதானே? அதை என் கையாலேயே வெளியே கொட்டுவதா? அன்று முதல் நான் வால்வைத் திறக்கவில்லை. பதிவேட்டில் மட்டும் அரை மணி நேரம் திறந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தேன்.

கெமிஸ்ட் வருவதற்கு முன் ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். காம்பில் மணிபோல ஆடிக்கொண்டு நிற்குமே சின்னஞ்சிறு உயிர்கள், அவை எல்லாம் போய்விட்டன. இப்போது புழுக்கள்தான் நெளிகின்றன. உன் அண்ணன் பார்த்திருந்தால், சேற்றுக்குக் கிழடு தட்டிவிட்டது என்று கிண்டல் செய்திருப்பார். நான் ஒவ்வொன்றிடமும், நீ அன்றைக்கு இருந்தாயா என்று கேட்கிறேன். தொட்டிக்கு மேலே உள்ள நடைமேடையில் போகும்போது குமிழிச் சத்தத்துக்குள் அவர் தொண்டையைச் செருமுவது கேட்கிறது. பொய்யென்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கிறேன்.

தொட்டி கெட்டுவிட்டது. பழுப்பு நுரை ஏடுகட்டி நடைமேடைவரை ஏறி வருகிறது. வெளியேறும் தண்ணீரில் தூசி தூசியாக மிதக்கிறது. வாய்கள் பெருகிவிட்டன, வரும் தீனி மட்டும் அதே அளவு. பசியில் ஒன்றையொன்று தின்கின்றனவாம். பொத்திப் பொத்தி வைத்தவற்றை நானே பட்டினி போட்டிருக்கிறேன், தம்பி. வால்வை மூடி வைத்தாலும் அன்றிருந்தவை என்றைக்கோ செத்திருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கை போகவில்லை.

பழி கெமிஸ்ட் மேல் விழுந்தது. என் பதிவேட்டை நம்பித்தான் அவள் கணக்குப் போட்டாள். அளவெடுக்கத் தெரியவில்லை என்று சொல்லி வேலையைவிட்டு நிறுத்த நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். "எங்க தப்புப் பண்ணேன்னே தெரியலக்கா" என்று என்னிடமே வந்து அழுதாள். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நேற்று மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளுடைய நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். என்னை என்ன செய்வது என்று மேலிடத்தில் கேட்க வேண்டுமாம். வேலை போனால் போகட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை காலை வால்வைத் திறந்தே ஆக வேண்டும் என்றார். "நீங்க திறக்கிறீங்களா, வேற ஆள விடட்டுமாம்மா?" என்று கேட்டார். எங்கள் வீட்டு ஆள் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

வியாழக்கிழமையே வந்துவிடு. யாரோ ஒருவர் திறப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவரோடு கூடப்பிறந்தவன் நீ திறந்தால் பக்கத்தில் நிற்பேன். ஒரேயடியாகத் திறக்க வேண்டாம், தினமும் கொஞ்சமாக விட்டால்தான் தொட்டி தாங்கும். முதல் நாள் மட்டும் நீ திறந்துவிடு. மறுநாளிலிருந்து, அவர்கள் என்னை வேலையில் விட்டுவைத்தால், நானே திறந்துகொள்கிறேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். உன் தொட்டிகள்மேல் நடக்கும்போது கைப்பிடியை மட்டும் விடாதேப்பா.

இப்படிக்கு,
உன் அண்ணி